இந்த எண்ணைக் கேட்டது யார்?

கேர்னல் எழுதுபவருக்கு வருகிற பிழைச் செய்திகளில் லிங்கர் தருவதுதான் ஆகக் குறைவாகப் பேசும். கம்பைலர் என்றால் கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எந்த எழுத்தில் தடுக்கியது என்பது வரை சொல்லிவிடும். லிங்கரின் கைக்கு வந்து சேரும்போது நாம் எழுதிய வரிகள் எல்லாம் கரைந்துபோய், பெயர்களும் முகவரிகளும் பைட்டுகளும்தான் மிஞ்சியிருக்கும். அதனால் ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டு நின்றுவிடும். கரம்பனில் என் வீட்டு விறாந்தையில் ஒரு மாணவன் மடிக்கணினியைத் திறந்து எனக்குக் காட்டிய வசனம் இது: டிரம்பொலின் ஒரு பக்கத்தை விடப் பெரிதாக இருக்கிறது.

டிரம்பொலின் என்பது அவன் வைத்திருந்த கேர்னலில் உள்ள ஒரு சிறு அசெம்பிளித் துண்டு. சில நூறு பைட் வரும். ஒரு பக்கம் என்பது 4096 பைட். அந்தத் துண்டைப் பல தரம் பிரதி எடுத்து அடுக்கினாலும் ஒரு பக்கத்துக்குள் கொள்ளும். ஆனாலும் லிங்கர் பொய் சொல்லவில்லை. அது அளந்தது வேறொன்றை.

பையன் வேலணைப் பக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறான். நான் நெடுங்காலம் வெளிநாட்டில் சிறு கருவிகளுக்கான கேர்னல் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து இருக்கிறேன் என்று யாரோ சொல்லி, சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினான். எங்கள் தீவின் ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் பாய்க்கப்பல் வந்து நின்ற துறை. இன்றைக்கு இறங்குதுறையில் காரைநகருக்குப் போகும் பாதை என்கிற மிதவைக்காகக் காத்து நிற்கிற மோட்டார்சைக்கிள்களும், கொஞ்சம் மீன்பிடி வள்ளங்களும், நடுக்கடலில் ஹம்மன்ஹீல் கோட்டையும்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து போனவர்களின் வீடுகள் பல இன்னும் பூட்டியே கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஓர் இடத்தில் இருந்து கேர்னல் வேலை பழகலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலைப் போலத் தீவுக்குப் பொருந்துகிற தொழில் வேறொன்றை நான் அறியேன். ஒரு மடிக்கணினி, ஒரு தரம் இறக்கி வைத்த மூலநிரல், ஒரு தரம் இறக்கி வைத்த கம்பைலர், கியூஎமு என்கிற போலி இயந்திரம். இவ்வளவும் இருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் மாதக்கணக்கில் வேலை செய்யலாம். மின்சாரம் நின்றாலும் பற்றரி உள்ளவரை ஓடும்.

அவன் கையில் இருந்தது எக்ஸ்வி6 என்ற கேர்னல். எம்ஐடியில் ரஸ் கொக்ஸ், ஃபிரான்ஸ் காஷுக், ரொபர்ட் மொரிஸ் மூவரும் 2006 இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. பெல் லாப்ஸில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் செய்த யுனிக்ஸின் 1975 ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பை மாதிரியாக வைத்து, இன்றைய சி மொழியில் புதிதாக எழுதியது. முதலில் இன்டெலின் எக்ஸ்86 செயலிக்கு இருந்தது. 2019 இல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியது. ரிஸ்க்-ஃபைவ் 2010 இல் பேர்க்லியில் பிறந்த, யாரும் உரிமக் கட்டணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடிய செயலி வடிவமைப்பு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு சக்தி என்ற பெயரில் செயலிகள் செய்தது இந்த வடிவமைப்பில்தான். அவர்களுடைய ரைஸ்கிரீக் சில்லு 2018 இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்க்கப்பட்டு வந்தது. என்றைக்காவது தன் கேர்னலைச் சக்தியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பையனின் ஆசை. கியூஎமுவில் ஓடுகிற கேர்னலை உண்மைச் சில்லுக்குக் கொண்டு போகிறவன் லிங்கர் ஸ்கிரிப்டை வரி வரியாக அறிந்திருக்க வேண்டும். அதனால் இந்தப் பிழை அவனுக்கு நல்ல நேரத்தில்தான் வந்தது.

டிரம்பொலின் ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்களின் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பயனர் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கென்று ஒரு பக்க அட்டவணை இருக்கும். எந்த மெய்நிகர் முகவரி எந்த உண்மை முகவரிக்குப் போகிறது என்று செயலி அதைப் பார்த்துத்தான் அறியும். கேர்னலுக்கு வேறோர் அட்டவணை. பயனர் நிரல் கேர்னலைக் கூப்பிடும்போது செயலி கேர்னல் நிலைக்குத் தாவும், ஆனால் ரிஸ்க்-ஃபைவில் அட்டவணை தானாக மாறாது. எஸ்ஏடிபி என்ற பதிவேட்டில் புதிய அட்டவணையை எழுதி நாம்தான் மாற்ற வேண்டும். எழுதிய அந்தக் கணத்திலேயே உலகம் மாறிவிடும். அடுத்த கட்டளையை எடுக்கச் செயலி போகும்போது பழைய முகவரி புதிய அட்டவணையில் எங்கே கிடக்கிறது? எங்கேயும் கிடக்காவிட்டால் அத்தோடு முடிந்தது. ஆகவே அந்த மாற்றத்தைச் செய்கிற நிரல்துண்டை மட்டும் இரண்டு அட்டவணைகளிலும் ஒரே மெய்நிகர் முகவரியில் பொருத்திவிடுவார்கள். எக்ஸ்வி6 அதை முகவரி வெளியின் ஆக உச்சியில், கடைசிப் பக்கத்தில் வைக்கிறது. பொருத்துவது பக்கம் பக்கமாகத்தான் முடியும். அரைப்பக்கத்தில் தொடங்கி அரைப்பக்கத்தில் முடிக்க வன்பொருள் விடாது. ஆகவே இரண்டு நிபந்தனை: துண்டு பக்க எல்லையில் தொடங்க வேண்டும், ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும்.

லிங்கர் ஸ்கிரிப்ட் இந்த இரண்டையும் நாலைந்து வரியில் சொல்கிறது. கேர்னலின் தொடக்கம் ஹெக்ஸ் எண்ணில் 80000000. அங்கே நுழைவுத் துண்டு, பின்னால் மற்ற நிரல் எல்லாம். முடிந்த இடத்திலிருந்து அடுத்த பக்க எல்லைக்கு நகரு. அந்த இடத்துக்கு, முன்னால் ஓர் அடிக்கோடு போட்ட டிரம்பொலின் என்று பெயர் வை. டிரம்பொலின் பகுதியைக் கொண்டு வந்து வை. மறுபடி அடுத்த பக்க எல்லைக்கு நகரு. இப்போது நிற்கிற இடத்துக்கும் அந்தப் பெயருக்கும் இடையே சரியாக ஒரு பக்கம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் இந்தச் செய்தியைச் சொல்லி நில். கடைசி வரிக்கு அசேர்ட் என்று பெயர். எழுதியவர்கள் கையில் வேறு எந்தக் காவலும் இல்லாததால் வைத்த காவல் அது.

பையன் அந்தக் காவலை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"அசேர்ட் வரியை எடுத்துப் பாத்தன் அங்கிள். இப்ப கேர்னல் வடிவா ஓடுது. ஷெல் வருது, எல்லாக் கட்டளையும் வேலை செய்யுது. அப்ப பிழை ஸ்கிரிப்டிலதானே?"

"ஓடுறது சரி. ஏன் ஓடுது எண்டு சொல்லும் பாப்பம்."

ஓடாத நிரலை வைத்து வாதாடுவது சுலபம். ஓடுகிற நிரலை வைத்துத்தான் கஷ்டம். அவனுக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் பதில் வேண்டும் என்ற எண்ணம் முகத்தில் வந்தது. அது போதும் என்று தொடங்கினோம்.

காவல் இல்லாமல் இணைத்த கேர்னலின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். எக்ஸ்வி6 கட்டும்போதே அந்தப் பட்டியலையும் தனிக் கோப்பாகத் தந்துவிடும். அடிக்கோடு போட்ட டிரம்பொலின் 80007000 இல் இருந்தது. அது ஸ்கிரிப்ட் வைத்த பெயர். அசெம்பிளிக் கோப்புக்குள் அடிக்கோடு இல்லாத டிரம்பொலின் என்று இன்னொரு பெயர் உண்டு. துண்டின் முதல் பைட்டுக்கு வைத்தது. அது 80010000 இல் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியவை. இடையில் ஒன்பது பக்கம் வெறுமனே கிடந்தது.

எங்கள் ஊர்க் காணி வழக்கில் வைத்து அவனுக்குச் சொன்னேன். ஒரே அளவுக் காணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு காணியின் தொடக்கத்தில் எல்லைக்கல் நட்டாயிற்று. வீடு கட்ட வந்தவர், பதினாறு காணிக்கு ஒரு தரம் வருகிற மூலையில்தான் என் வீடு தொடங்கும் என்று பிடிவாதமாக ஒன்பது காணி தள்ளிப்போய் ஒரு சின்னக் குடிலைப் போட்டார். நில அளவையாளர் கல்லில் சங்கிலியை வைத்து, குடில் நிற்கிற காணியின் கடைசி வேலி வரை இழுத்து அளந்தார். பத்துக் காணி வந்தது. ‘கட்டடம் ஒரு காணிக்குள் அடங்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அளவு சரி, எழுதியதும் விதிப்படி சரி. குடில் மட்டும் சின்னது.

அப்போது கேள்வி மாறிவிடுகிறது. துண்டு ஏன் பெரிதாயிற்று என்று தேடிக்கொண்டிருந்தவன், துண்டு ஏன் தள்ளிப்போயிற்று என்று தேட வேண்டும். தள்ளிப்போகச் சொல்வதற்கு லிங்கருக்கு ஒரே ஒரு இடத்திலிருந்துதான் உத்தரவு வரும்: பொருட்கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் எழுதப்பட்டிருக்கிற ஒழுங்கமைவு எண். ஸ்கிரிப்ட் எங்கே வைக்கச் சொன்னாலும், அந்தப் பகுதி தன் எண்ணின் மடங்கில்தான் உட்காரும். டிரம்பொலினின் பொருட்கோப்பை ஒப்ஜ்டம்ப் என்ற கருவியில் திறந்து பகுதிகளின் பட்டியலைப் பார்த்தோம். அளவு சில நூறு பைட், நினைத்ததுபோல. கடைசி நெடுவரிசையில் ஒழுங்கமைவு: இரண்டின் 16 ஆம் அடுக்கு. அதாவது 65536 பைட். பதினாறு பக்கம்.

"நான் பதினாறு பைட்டுக்குத்தான் எழுதினனான்," என்றான். உண்மைதான். அவன் கோப்பில் இருந்தது அலைன் 16 என்ற ஒரு வரி. அதற்கு முன் எக்ஸ்86 க்கு ஒரு சிறு கேர்னல் எழுதியிருந்தான். அங்கே ஒவ்வொரு நுழைவுக்கும் மேலே அதே வரி. குனூ அசெம்பிளரில் எக்ஸ்86 இன் ஈஎல்எஃப் கோப்புகளுக்கு அலைன் 16 என்றால் 16 பைட்டின் மடங்குக்குப் போ என்று பொருள். அதே அசெம்பிளரில் ரிஸ்க்-ஃபைவுக்கும் ஆர்முக்கும் அலைன் 16 என்றால் இரண்டின் 16 ஆம் அடுக்கின் மடங்குக்குப் போ என்று பொருள். எழுத்து மாறாமல் ஒரே வரி, இரண்டு இயந்திரத்தில் நாலாயிரம் மடங்கு வித்தியாசம். எச்சரிக்கை எதுவும் வராது, ஏனென்றால் இரண்டும் செல்லுபடியான உத்தரவு.

இது குனூக்காரர் தெரியாமல் விட்டதல்ல. அந்த அசெம்பிளர் ஒவ்வொரு இயந்திரத்திலும் முன்பே இருந்த உள்ளூர் அசெம்பிளர்களுக்குப் பதிலாக நிற்க வேண்டியிருந்தது. பழைய நிரல்கள் மாறாமல் ஓட வேண்டுமென்றால் ஒவ்வோர் ஊரின் வழக்கத்தையும் அப்படியே எடுக்கத்தான் வேண்டும். கையேட்டிலேயே அதை எழுதி, குழப்பம் இல்லாத இரண்டு வரிகளையும் தந்திருக்கிறார்கள்: பைட் கணக்கில் மட்டும் கேட்கிற பிஅலைன், அடுக்குக் கணக்கில் மட்டும் கேட்கிற பி2அலைன். இந்த இரண்டும் எந்த இயந்திரத்திலும் பொருள் மாறாது. வெறும் அலைனை நான் என் கோப்புகளில் எழுதுவதில்லை. பிறருடைய கோப்பில் கண்டால் முதலில் எந்த இயந்திரம் என்று பார்ப்பேன். கேர்னலைப் புதிதாகப் பழகுகிற எவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாடநூல்களில் இதற்கு அரைப்பக்கம்கூட ஒதுக்குவதில்லை.

வரியைப் பி2அலைன் 4 என்று மாற்றி, காவலைத் திரும்பப் போட்டவுடன் இணைப்பு சத்தமில்லாமல் முடிந்தது. இரண்டு பெயரும் 80007000 இல் வந்து சேர்ந்தன. ஆனால் அவனுடைய பழைய கேள்வி அப்படியே இருந்தது. காவல் இல்லாமலும் ஓடியதே, அது ஏன்? ஏனென்றால் எக்ஸ்வி6 இன் சி நிரல் அட்டவணையில் பொருத்துவது அடிக்கோடு இல்லாத பெயரை, அதாவது துண்டு உண்மையில் கிடக்கிற இடத்தை. 80010000 உம் பக்க எல்லைதான். ஆகவே அந்த ஒரு பக்கம் சரியாகப் பொருந்தியது. வீணானது ஒன்பது பக்க நினைவகம் மட்டும்.

"அப்ப காவல் தேவையில்லைதானே?"

இதற்குப் பதிலை வாயால் சொல்லாமல் செய்து காட்டினோம். காவலை மறுபடி எடுத்துவிட்டு, துண்டின் நடுவில், பயனருக்குத் திரும்புகிற யூசர்ரெட் என்ற பகுதிக்கு முன்னால் 4096 வெற்றுப் பைட்டைச் செருகச் சொன்னேன். நாளைக்கு யாரோ ஒருவர் பிழை தேடும் நிரலை அங்கே சேர்த்து வளர்த்துவிட்டதற்குச் சமம். லிங்கர் எதுவும் சொல்லவில்லை. கேர்னல் எழும்பியது. பூட் ஆகிறேன் என்ற வரி வந்தது, மற்றச் செயலிக் கருக்களும் தொடங்கின என்ற வரிகள் வந்தன. முதல் பயனர் நிரல் ஷெல்லைத் தொடங்குகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. மடிக்கணினியின் விசிறி மட்டும் வேகம் எடுத்தது.

நடந்தது இதுதான். யூசர்ரெட் இப்போது பொருத்திய பக்கத்துக்கு வெளியே. கேர்னல் அங்கே தாவியதும் பக்கப் பிழை. பக்கப் பிழை என்றால் செயலி எஸ்டிவெக் என்ற பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகும். பயனருக்குத் திரும்பத் தயாராகும்போதே கேர்னல் அதில், பயனர் பக்கத்திலிருந்து வரும் பொறிகளைக் (ட்ராப்) கையாளும் யூசர்வெக்கின் முகவரியை எழுதிவிட்டது. ஆகவே யூசர்வெக் ஓடத் தொடங்குகிறது, பதிவேடுகளைச் சேமிக்கப் போகிறது, சேமிக்கிற இடம் பயனர் அட்டவணையில்தான் உண்டு, இப்போது நடைமுறையில் இருப்பது கேர்னல் அட்டவணை. மறுபடி பக்கப் பிழை. மறுபடி எஸ்டிவெக். முடிவில்லாத சுற்று. அச்சிடும் நிரல் வரைக்கும் கட்டுப்பாடு போய்ச் சேராததால் திரையில் ஓர் எழுத்தும் வராது. டிபக்கரை மாட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரவு முழுக்கத் தேட வைக்கக்கூடிய இந்த மௌனத்தை, இணைக்கும்போதே ஒரு வசனமாக மாற்றித் தருகிறது அந்த ஒரு வரி. காவலைத் திரும்பப் போட்டு இணைத்தோம். அதே வசனம் வந்தது. இந்தத் தரம் அது சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஒரே செய்திக்கு இரண்டு காரணம் இருக்கிறது என்பதை அவன் தானாகவே பிடித்துக்கொண்டான். வளர்ந்தாலும் அதே வசனம், தள்ளிப்போனாலும் அதே வசனம். ஸ்கிரிப்டில் இரண்டாவது காவல் ஒன்று போட்டான்: அடிக்கோடு போட்ட பெயரும் போடாத பெயரும் ஒரே முகவரியா என்று கேட்கிற காவல். அதன் செய்தியைத் தமிழில் எழுதினான். ‘டிரம்பொலின் எல்லையில் தொடங்கவில்லை, அலைன் எண்ணைப் பார்.’ அலைன் 16 ஐ மறுபடி போட்டு இணைத்தபோது லிங்கர் அந்தத் தமிழ் வசனத்தை அப்படியே திருப்பிச் சொன்னது. எத்தனையோ வருடம் லிங்கர்களோடு வேலை செய்திருக்கிறேன். அவை தமிழ் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரிய சந்தோஷம்.

அதன் பிறகு ஸ்கிரிப்டிலும் அசெம்பிளிக் கோப்புகளிலும் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதச் சொன்னேன்: இதைக் கேட்டது யார்? நான் பழகிய காலத்தில் எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை, வேலையில்தான் வந்தது. ஒழுங்கமைவு எண் எதுவும் அழகுக்காக வருவதில்லை. யாரோ ஒருவர் கேட்டிருப்பார். வன்பொருள் கேட்டிருக்கலாம், அழைப்பு மரபு கேட்டிருக்கலாம், பூட்லோடர் கேட்டிருக்கலாம்.

80000000 ஐக் கேட்டது கியூஎமுவின் விர்ட் இயந்திரம். அதன் நினைவகம் அந்த முகவரியில்தான் தொடங்குகிறது. 4096 ஐக் கேட்டது பக்க அட்டவணை. முகவரியின் கீழ் 12 பிட்டும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே போகும், ஆகவே பக்கம் 12 பிட் எல்லையில்தான் தொடங்க முடியும். அடுக்கத்தின் (ஸ்டாக்) 16 ஐக் கேட்டது ரிஸ்க்-ஃபைவின் அழைப்பு மரபு. எஸ்டிவெக்கில் எழுதுகிற முகவரி 4 இன் மடங்காக இருக்க வேண்டும், இதைக் கேட்டது செயலியே. இந்தக் கடைசி ஒன்றில் அவனை நெடுநேரம் நிறுத்தினேன். எஸ்டிவெக்கின் கடைசி இரண்டு பிட்டும் முகவரிக்கு உரியவை அல்ல. பொறி எந்த முறையில் இயங்க வேண்டும் என்று சொல்பவை. ரிஸ்க்-ஃபைவில் சுருக்கக் கட்டளைகள் உண்டு, அவை இரண்டே பைட். ஆகவே ஒரு நிரல்துண்டு 4 ஆல் வகுத்தால் 2 மிஞ்சுகிற முகவரியில் தொடங்குவது சாதாரணம். அப்படித் தொடங்குகிற ஒன்றை எஸ்டிவெக்கில் எழுதினால், அந்த மிச்சமான 2 ஐச் செயலி முறை எண்ணாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய முகவரி வேறு, அது போகப்போகிற இடம் வேறு. இதற்கு லிங்கர் பிழை சொல்லாது, காவல் வைத்தால் ஒழிய.

65536 ஐ இந்தக் கேர்னலில் யாரும் கேட்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதிய பட்டியலில் கேட்டவர் பெயர் இல்லாமல் நின்றது அந்த எண் ஒன்றுதான். முதலில் பட்டியலை எழுதியிருந்தால் பிழையைத் தேடவே வேண்டியதில்லை என்று அவனாகச் சொன்னான்.

பெரிய கேர்னல்களிலும் இதே கதைதான். ஆர்ம்64 லினக்ஸில் டெக்ஸ்ட் ஒஃப்செட் என்று ஓர் எண் நெடுங்காலம் இருந்தது: ஹெக்ஸில் 80000, அதாவது 512 கிலோபைட். கேர்னலை நினைவகத்தின் அடியிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும். தொடக்க நாட்களில் இதற்குக் காரணம் இருந்தது. கேர்னலுக்குக் கீழே, அதன் முதல் பக்க அட்டவணைகளை வைக்க உறுதியாக ஓர் இடம் வேண்டியிருந்தது. பிறகு அட்டவணைகள் கேர்னலின் உருவத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கேட்டவர் போய்விட்டார், எண் மட்டும் நின்றது. பூட்லோடர்கள் அதைக் கேர்னல் உருவத்தின் தலைப்பிலிருந்து படிக்காமல் நேரடியாகத் தங்களுக்குள் எழுதிவைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்தன. ஆர்ட் பீஷூவல் 2020 இல் அதைப் பூச்சியமாக்கினார், 5.8 ஆம் பதிப்பில் அது வந்தது. இப்போது அங்கே கேட்பது ஒன்றுதான்: 2 மெகாபைட் எல்லை. அதற்குக் காரணம் பக்க அட்டவணையில் பெரிய கட்டங்களின் அளவு.

இன்னொன்று 2011 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடந்தது, எங்கள் டிரம்பொலினுக்கு இன்னும் நெருக்கமானது. லினக்ஸின் தடம் பார்க்கும் பகுதியில், ஒவ்வொரு கோப்பிலும் அறிவிக்கப்பட்ட கட்டமைப்புகளை லிங்கர் ஒரே பகுதியில் வரிசையாகச் சேர்க்கும். கேர்னல் அந்த வரிசையைத் தலையிலிருந்து வால் வரை, ஒரு கட்டமைப்பின் அளவு வீதம் தாவித் தாவிப் படிக்கும். ஆனால் கட்டமைப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஜிசிசி கம்பைலர் தன் வசதிக்காக அதை 32 பைட் எல்லைக்கு உயர்த்திவிடும். லிங்கர் அந்த எல்லையை மதித்து இடைவெளி விட்டு வைக்கும். கேர்னல் இடைவெளி இல்லை என்று நம்பித் தாவும். இரண்டாவது தாவலில் கால் வெற்றிடத்தில். இங்கே எவரும் விதியை மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டீவன் ரொஸ்டெட்டும் மத்தியூ டெனுவாயேயும் எடுத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒழுங்கமைவு எண்ணோடு மல்லுக்கட்டாமல், அந்தப் பகுதியில் கட்டமைப்புகளுக்குப் பதிலாக அவற்றைச் சுட்டும் சுட்டிகளை மட்டும் வைத்தார்கள். சுட்டிகள் எப்போதும் தங்கள் அளவிலேயே ஒட்டி உட்காரும். இடைவெளி வர வழியே இல்லை. இணைப்புப் பிழைகளைத் திருத்த எண்ணை மாற்றுவது ஒரு வழி; அந்த எண்ணைக் கேட்கத் தேவையில்லாதபடி அமைப்பை மாற்றுவது அதைவிட நல்ல வழி.

இதைச் சொன்னபோது பையன் தன் கோப்பையே திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "யூசர்வெக் பக்கத்தின்ர முதல் பைட்டிலேயே தொடங்குது. பக்க எல்லை எப்பவும் நாலின்ர மடங்குதானே. அப்ப இந்தக் கோப்பில அலைன் வரியே தேவையில்லை அங்கிள். அதைக் கேக்க ஆருமில்லை."

சரியான கேள்வி. யூசர்வெக்குக்கு அந்த வரி இப்போது எதையும் செய்வதில்லை. கேர்னலுக்குள்ளேயே வரும் பொறிகளுக்கான கேர்னல்வெக்குக்குத்தான் அது உண்மையில் வேண்டும். அது மற்ற நிரலோடு கலந்து எந்த முகவரியிலும் போய் விழலாம். ஆனாலும் வரியை அழிக்க வேண்டாம் என்றேன். நாளைக்கு யூசர்வெக்குக்கு முன்னால் ஒருவர் இரண்டு பைட் சேர்த்தால், எஸ்டிவெக் கேட்கிற 4 உயிர்த்துவிடும். கேட்பவர் இன்றைக்கு வாசலில் நிற்கவில்லையே தவிர, ஊரில்தான் இருக்கிறார். கொஞ்ச நேரம் வாதாடினோம். அவன் விட்டுக்கொடுத்தது பாதி: வரியை வைத்தான், எண்ணைக் குறைத்தான். எக்ஸ்வி6 இல் மூலமாக இருந்தது 16 பைட். செயலி கேட்பது 4 பைட்தான் என்பதால் பி2அலைன் 2 என்று எழுதி, பக்கத்தில் எஸ்டிவெக்கின் கடைசி இரண்டு பிட் என்று காரணத்தையும் எழுதினான். கேர்னல்வெக்கிலும் அப்படியே. யூசர்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுதியை ஓட்டினான், எல்லாம் தேறியது.

நானாக இருந்தால் 16 ஆகவே விட்டிருப்பேன். வேறொரு செயலிக்குப் போகும்போது அந்தத் தாராளம் உதவும். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்காததைக் கொடுக்கத் தேவையில்லை என்றான். சக்தியின் நினைவக வரைபடம் கைக்கு வரும்போது 80000000 இலிருந்து தொடங்கி முழுப் பட்டியலையும் திரும்ப எழுதுவதாகச் சொல்லி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பிப் போனான்.